வக்கீல் தோளில் செம்பட்டை

பிப்ரவரி 4

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் என் பூனைப் பரிவாரமும் சௌக்கியம். நீயும் உன் வீட்டுக்காரரும், வயிற்றில் புதிதாகக் குடிவந்திருப்பதும் சௌக்கியமா? குமட்டல் காலையில் மட்டுமா, நாள் முழுக்கவா? இதையெல்லாம் போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் போனில் பேசினால் நம் இரண்டு பேரில் ஒருத்தி கோபித்துக்கொண்டு பாதியில் வைத்துவிடுகிறாள். கடிதத்தில் அந்த வசதி கிடையாது.

மேடம் நேற்றுக் குட்டி போட்டாள். ஐந்து! கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களை எல்லாம் நாளை வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, துணி அலமாரிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதல் இரண்டும் ஆண். அப்பன் வக்கீலை உரித்து வைத்த மாதிரி கன்னங்கரேல். அடுத்த மூன்றும் பெண். மேடம் நக்கி நக்கி ஈரம் காயக் காய நிறம் தெரிந்தது பார். கருப்பும் செம்பட்டையும் கலந்த ஆமையோட்டு நிறம். ஒருத்திக்கு மூக்கின் நடுவில் கோடு போட்ட மாதிரி இந்தப் பக்கம் கருப்பு, அந்தப் பக்கம் செம்பட்டை.

இதைப் படிக்கும்போது உன் புருவம் மேலே ஏறியிருக்கும். எனக்கும் ஏறித்தான் இருக்கிறது. மேடம் கருப்பு, வக்கீல் கருப்பு. வக்கீலின் இடது தோளில் மட்டும் அந்த ஒரு செம்பட்டைப் புள்ளி. கண்காட்சியில் நடுவர் "சாயம் ஏதாவது ஒட்டிக்கிச்சா?" என்று கேட்டாரே, அது. நானும் கறை என்று நினைத்து எத்தனையோ தடவை தேய்த்துக் கழுவிப் பார்த்துவிட்டேன். மற்றபடி அவன் அங்கி போட்ட அசல் வக்கீல். இது அவனுக்கு முதல் ஈடு, முதல் பிள்ளைகள்.

பூனை வம்சப் பதிவுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். பார்த்தது பார்த்தபடி எழுதியிருக்கிறேன். உன் அலுவலகத்துக்குத்தானே வரும், முதலில் என் வாயால் உனக்குத் தெரியட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

உடம்பைப் பார்த்துக்கொள். படிக்கட்டில் ஓடாதே.

உன் அக்கா


பிப்ரவரி 19

அன்பு அக்காவுக்கு,

இங்கே நாங்கள் நால்வரும் நலம். நான் எண்ணத் தெரியாதவள் இல்லை, நால்வர்தான்.

நேற்று ஸ்கேன் எடுத்தார்கள். திரையில் மூட்டம் போட்ட மாதிரி என்னவோ தெரிந்தது. டாக்டர் விரலால் காட்டி, "இதோ பாருங்க, துடிக்குது" என்றார். அப்புறம், "கொஞ்சம் இருங்க... இதோ இன்னொண்ணு" என்றார். இவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார், யாரோ பெரிய மனிதர் அறைக்குள் வந்த மாதிரி. டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிக்க வரவில்லை. எனக்குள் என்னையும் சேர்த்து மூன்று இதயம் துடிக்கிறது அக்கா. பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் இருந்த அம்மாளிடம் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்துவிட்டது.

சரி, உன் விஷயம். விண்ணப்பம் என் மேஜைக்குத்தான் வந்தது. தகுதி பார்ப்பவள் நான்தானே. வக்கீலுக்கு வயது நிறைந்திருக்கிறது, சிறுநீரகப் பரிசோதனை இருக்கிறது, இரண்டு விதையும் இறங்கியிருக்கிறது என்று உன் பூனை டாக்டரம்மா சான்று கொடுத்திருக்கிறார். எல்லாம் சரி. நிறம்தான் இடிக்கிறது. தாய் கருப்பாக இருந்து பெண் குட்டிக்குச் செம்பட்டை வந்தால், தகப்பன் செம்பட்டையாகத்தான் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லை. இது உனக்கும் தெரியும். எனக்கே நீதானே சொல்லிக் கொடுத்தாய்.

நீ என் அக்கா என்பதால் கோப்பை நான் தொடக் கூடாது. மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். அவருக்கு ஆபீசில் கட்டம் சார் என்று பேர். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். பூனை வால் நீளத்தை விட்டுவிட்டாலும் அப்படித்தான்.

கோபப்படாமல் ஒன்று கேட்கிறேன். ஜன்னல் வலை எங்காவது கிழிந்திருக்கிறதா?

அன்புடன்,
சின்னவள்


பிப்ரவரி 27

சின்னவளுக்கு,

இரட்டை என்று படித்ததும் வகுப்பு நடுவில் பிரேக்கை நான் மிதித்துவிட்டேன். ஓட்டிக்கொண்டிருந்தவர் தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாகப் பயந்துபோனார். நன்றாக இருங்கள், நால்வரும்.

மற்றது. வலை கிழியவில்லை. கிழிந்திருந்தால் நானே எழுதியிருப்பேன். இணை சேர விட்ட அந்த வாரம் முழுக்க மேடம் என் படுக்கையறையில் வக்கீலோடு இருந்தாள். கதவுக்கு வெளியே சோபாவில் படுத்துக்கொண்டு என் முதுகு போய்விட்டது. வேறு ஆண் அந்த அறைக்குள் வந்திருந்தால் என் தலைமேல் ஏறித்தான் வந்திருக்க வேண்டும். வலை கிழிந்ததா என்று யார் வேண்டுமானாலும் கேட்கட்டும், நீ கேட்டதுதான் சுருக்கென்றது.

கட்டம் சார் மரபணுச் சோதனை கேட்டிருக்கிறார். கேட்கட்டும். நம் டாக்டரம்மாவே வந்து, ஏழு பேர் வாயிலும் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து, முத்திரை வைத்து அனுப்பிவிட்டார். வக்கீல் ஒரு குச்சியைக் கடித்தே துப்பிவிட்டான். வாதம் முடியும்வரை பொறுமை இல்லை அவனுக்கு.

நன்றாகச் சாப்பிடு. கோபம் போய்விட்டது, பாதி.

அக்கா


மார்ச் 28

அன்பு அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உன் முதுகு வலி எப்படி இருக்கிறது?

முடிவு வந்துவிட்டது. மேடம்தான் தாய். வக்கீல் தகப்பன் இல்லை. ஐந்து குட்டிக்குமே இல்லை.

தகப்பன் பேரைப் பொய்யாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் பூனை வம்சத்தின் பேரையே பதிவிலிருந்து எடுத்துவிடுவார்கள். இதற்கு முன் நீ கொடுத்த குட்டிகள் மேலும் சந்தேகம் விழும். கட்டம் சார் ஒரு வழி சொல்கிறார். "எங்கோ தவறு நேர்ந்துவிட்டது, தகப்பன் யாரென்று தெரியாது" என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட்டால் இந்தக் குட்டிகளுக்கு மட்டும் பதிவு கிடையாது. உன் பேர் தப்பிக்கும்.

போட்டுவிடு அக்கா. எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்தே ஆக வேண்டுமா? சிலது அப்படித்தான், போய்விடுகிறது.

இங்கு நலம்.

சின்னவள்


ஏப்ரல் 5

என் கண்ணு சின்னவளுக்கு,

உன் கடிதத்தை மேஜைமேல் வைத்து இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உடம்பு எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரர் சமைக்கிறாரா? லீவு போட முடியுமா? நான் வேண்டுமானால் கிளம்பி வரட்டுமா? ஒரு வரி எழுது, போதும். எழுத முடியாவிட்டாலும் பரவாயில்லை.

நான் கையெழுத்துப் போடவில்லை. தெரியாது என்று எப்படி எழுதுவேன்? எனக்குத் தெரியுமே. குட்டிகளுக்கு இப்போது ஓட்டம் வந்துவிட்டது. அவற்றை வக்கீல் பக்கம் விட்டேன். சாதாரணமாக ஆண் பூனை குட்டியைக் கண்டால் உறுமும், இல்லையென்றால் எழுந்து போய்விடும். இவன் அந்த மூக்கில் கோடு போட்ட குட்டியைக் காலுக்குள் அணைத்துக்கொண்டு காது நக்கிக்கொண்டிருந்தான். அவன் இல்லை என்று காகிதம் சொல்கிறது. நான் அவனைப் பார்க்கிறேன், குட்டியைப் பார்க்கிறேன், ஒன்றும் ஓடவில்லை.

டாக்டரம்மாவும் ஆய்வகத்துக்கு எழுதியிருக்கிறார். "இல்லைன்னு மட்டும் சொன்னா எப்படி? யாருன்னு கொஞ்சம் தேடுங்க" என்று.

சாப்பிட்டுவிட்டுப் படு.

அக்கா


ஏப்ரல் 29

அன்புள்ள சின்னவளுக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வராவிட்டால் நான் எழுதமாட்டேன் என்று நினைத்தாயா?

கேள் இதை. வக்கீலின் அம்மா, அப்பா இரண்டு பேரின் மாதிரியும் உங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிறதே. ஆய்வகத்தில் அதோடு குட்டிகளை ஒப்பிட்டிருக்கிறார்கள். குட்டிகளின் தகப்பன் அந்த இருவருக்கும் பிறந்தவன்தானாம். சந்தேகமே இல்லையாம். அதாவது வக்கீலோடு கூடப் பிறந்தவன். "உங்க வக்கீல் இந்தக் குட்டிகளுக்கு அப்பா இல்லைங்க, பெரியப்பா" என்று டாக்டரம்மா சொன்னார்.

நான் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்த ஈட்டில் வக்கீல் ஒற்றைக் குட்டி. என் மடியில்தான் பிறந்தான். அவன் அம்மாவுக்குப் பிரசவம் கஷ்டமாகி, அதோடு கருத்தடை அறுவை செய்துவிட்டோம். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. தம்பி இல்லாதவன் எப்படிப் பெரியப்பா ஆவான்?

டாக்டரம்மா வக்கீலைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்து, தோளில் இருக்கும் அந்தச் செம்பட்டைப் புள்ளியை விலக்கி விலக்கிப் பார்த்தார். "இவன் உடம்புல வேற இடத்துல மாதிரி எடுக்கணும்" என்றார். உங்கள் விதியில் கன்னம் மட்டும்தான் செல்லும். வேறு இடம் என்றால் அனுமதி வேண்டும். விண்ணப்பித்துவிட்டேன். நீ எனக்காகப் பேசக் கூடாது என்று தெரியும். பேசு என்று சொல்லவும் இல்லை.

உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா


மே 14

அன்பு அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. தலையணைக்குக் கீழே இருக்கின்றன. இவர் நன்றாகவே சமைக்கிறார், உப்பைத் தவிர.

நான் உனக்காகப் பேசவில்லை. உன் கோப்பின் பேரைக்கூடச் சொல்லவில்லை. கட்டம் சார் அறைக்குப் போய் விதியைப் பற்றித்தான் கேட்டேன்.

"சார், மாதிரி கன்னத்துல இருந்துதான் எடுக்கணும்னு ஏன் வச்சிருக்கோம்?"

"வலிக்காதும்மா. எங்க எடுத்தாலும் ஒண்ணுதானே."

"ஒண்ணா இல்லேன்னா?"

"அதெப்படி? ஒரு உடம்புல ஒருத்தர்தானேம்மா இருக்க முடியும்?"

"அப்படி இல்ல சார்" என்றேன். சொன்னதுமே அழுதுவிட்டேன். என் கை தானாகவே வயிற்றின்மேல் போய் உட்கார்ந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்தார். எழுந்து போய் எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மறுநாள் காலை அனுமதியில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஏன் அழுதாய் என்று இப்போது கேட்காதே.

சின்னவள்


ஜூன் 18

என் கண்ணு சின்னவளுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்.

தோள் புள்ளியில் துளித் தோல் எடுத்தார்கள். சொல்ல வெட்கமான இன்னொரு இடத்திலும் எடுத்தார்கள். வக்கீல் மயக்கம் தெளிந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என்மேல் வழக்குப் போடாமல் விடமாட்டான்.

கன்னத்தில் இருப்பது வக்கீல். விதையில் இருப்பது வேறு ஒருவன். தோள் புள்ளியில் இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

டாக்டரம்மா என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னார். "தாய் வயித்துல முதல்ல ரெண்டு பேர் இருந்திருக்காங்க. ஒருத்தன் கருப்பு, ஒருத்தன் செம்பட்டை. கண்ணுக்கே தெரியாத அளவுல இருக்கும்போதே ரெண்டும் ஒட்டி ஒண்ணாயிடுச்சு. பிறந்தது ஒருத்தன்தான். ஆனா ரெண்டு பேரும் இருக்காங்க." குட்டிகள் அந்தத் தம்பியுடையவை. பிறக்கவே பிறக்காதவன், ஐந்து குட்டிக்குத் தகப்பன்.

அவர் போன பிறகு வக்கீலை மடியில் போட்டுக்கொண்டு, அந்தப் புள்ளிமேல் விரலை வைத்தபடி இருந்தேன். இத்தனை வருஷம் கறை என்று ஷாம்பு போட்டுத் தேய்த்தேனே, ஒரு பிள்ளையின் முகத்தைத் தேய்த்திருக்கிறேன். அவன் கோபித்துக்கொள்ளாமல் அங்கேயே இருந்திருக்கிறான். மூன்று பெண் குட்டிகளையும் அப்பன் ஜாடையில் பெற்று வெளியே அனுப்பி, நான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். என்ன உலகம் இது! நமக்குத் தெரிந்தது எவ்வளவு கொஞ்சம்!

இனி உன் விஷயம். மார்ச் மாதக் கடிதத்தில் "நால்வரும் நலம்" இல்லை. நான் அன்றைக்கே பார்த்துவிட்டேன். நீயாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். சொல்லாவிட்டாலும் நான் உன் அக்காதான்.

அக்கா


ஜூலை 2

அக்கா,

உனக்குத் தெரியாமல் இருக்குமா என்று நானும் நினைத்தேன்.

இரண்டாவது ஸ்கேனில் ஒன்றுதான் துடித்தது. டாக்டர் திரையை என் பக்கத்திலிருந்து மெதுவாகத் திருப்பிக்கொண்டார், அப்போதே தெரிந்துவிட்டது. இது நிறையப் பேருக்கு நடப்பதுதானாம், நான் எதுவும் தப்பு செய்யவில்லையாம். அடுத்த ஸ்கேனில் அது இருந்த இடமே இல்லை. கரைந்துவிட்டது என்றார்கள். வலி இல்லை, ரத்தம் இல்லை, அழுவதற்கு ஒரு சாட்சிகூட இல்லை. எல்லோரும் "ஒண்ணு நல்லா இருக்கே, சந்தோஷப்படு" என்றார்கள். சந்தோஷம்தான். ஆனால் இன்னொன்று எங்கே போனது என்று நான் யாரைக் கேட்பேன்? இல்லவே இல்லாததற்கு அழுகிறேனோ என்று வெட்கமாக இருந்தது. அதனால்தான் எழுதவில்லை.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். என் குழந்தையும் வக்கீல் மாதிரியா என்று கேட்டேன். இல்லை என்றார். அது ரொம்ப ஆரம்பத்தில் நடப்பது, இது வேறு, பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன் என்றார். என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. அப்புறம் சொன்னார்: "பிள்ளையோட அணுக்கள் கொஞ்சம் அம்மா ரத்தத்துல கலக்கும். சில அம்மாங்க உடம்புல வருஷக்கணக்கா தங்கிடும். உங்களுக்கு இருக்கான்னு என்னால சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது."

இல்லை என்றும் சொல்ல முடியாதாம் அக்கா. ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். இவரும் அழுதார். இவர் இத்தனை நாள் எங்கே ஒளித்துவைத்திருந்தாரோ.

உன் பேருக்கு இனி ஆபத்து இல்லை. குட்டிகளுக்குப் பதிவு உண்டு. ஆனால் ஒரு சிக்கல். தகப்பன் என்று ஒருவனைப் போட்டால், அவன் முதலில் பதிவில் இருந்தாக வேண்டும். விதியை மூன்று தடவை படித்துவிட்டு, "அப்ப அவனையும் பதிஞ்சிடுவோம்" என்றார் கட்டம் சார். ஆபீசில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அவனுக்கு ஒரு பேர் அனுப்பு.

சின்னவள்


ஜூலை 9

என் தங்கமே,

நீ வெட்கப்பட ஒன்றும் இல்லை. நீ அழுதது இருந்த ஒருவருக்குத்தான். அது துடித்ததை நீயும் பார்த்தாய், உன் வீட்டுக்காரர் எழுந்து நின்று மரியாதை செய்தார். அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? எனக்கு நீ எழுதியிருந்தால் நானும் சேர்ந்து அழுதிருப்பேன். பரவாயில்லை, இப்போது அழுதுவிட்டேன். மேடம் வந்து என் கன்னத்தை நக்கினாள். முள் நாக்கு, எரிகிறது.

பிரசவத்துக்கு நான் வருகிறேன். டாக்டரம்மா பூனைகளைப் பார்த்துக்கொள்வார். மூக்கில் கோடு போட்டவளை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை, அவள் உனக்கு.

பேர் நீ வை. எனக்கு வாய்க்கவில்லை. இரண்டு மூன்று யோசித்தேன், எல்லாம் பூனைப் பேராகவே வருகிறது.

அக்கா


ஜூலை 21

அன்பு அக்காவுக்கு,

பதிவு முடிந்தது. நீயே பேர் வைக்கச் சொன்னதால், படிவத்தை என் கையாலேயே எழுதலாம் என்று கட்டம் சார் விட்டார்.

தாய், தகப்பன்: வக்கீலுக்கு உள்ளதேதான். நிறம்: செம்பட்டை. இருக்கும் இடம் என்று ஒரு கட்டம். உன் வீட்டு விலாசத்தை எழுதினேன். பேர் கட்டத்துக்கு வந்ததும் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, ஒரு வாரமாக நான் வயிற்றைத் தடவிக்கொண்டே சொல்லிப் பார்த்த பேரை எழுதினேன்.

"கூடவே".

கட்டம் சார் அதை வாய்விட்டுப் படித்தார். "நல்ல பேர்" என்றார். அப்புறம் பிறந்த தேதிக்கு வந்தார். நான் என்ன எழுதுவது என்று தெரியாமல் அதை அப்படியே விட்டிருந்தேன். அவர் பேனாவைத் திறந்தார், மூடினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திருப்பிக் கொடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார்.

நீ சீக்கிரம் வா. உள்ளே இருக்கிறவள் உதைக்கிறாள். பெண் என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கே நாங்கள் நால்வரும் நலம்.

உன் சின்னவள்